மேகசினின் வளைவைத் தீர்மானிப்பது தோட்டா

கேட்ட கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இந்திய ராணுவத்தில் இப்போது இருக்கும் சிக் 716, ஏகே-203 இரண்டுமே 7.62 மி.மீ. ரைஃபிள்தான். பிறகு ஏன் ஒன்றின் மேகசின் நேராகவும் மற்றதன் மேகசின் வளைந்தும் இருக்கிறது? மேகசின் என்றால் ஒரு பெட்டி, உள்ளே ஒரு ஸ்பிரிங், அதில் அப்படி என்ன டிசைன் வேண்டியிருக்கிறது? தோட்டா நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடுமா? நம் படையின் இன்சாஸ் ரைஃபிளின் மேகசின் ஏன் உடைந்தது?

நான் படையில் ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவன், வேலை பார்த்தவன். கோத்தில் (ஆயுதக் கிடங்கில்) உட்கார்ந்து பழுது பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள்: "ஸ்டாப்பேஜ்" (சுடும்போது நின்றுவிடுகிறது) என்று எழுதி வரும் ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றில் ரைஃபிள் மேல் குற்றமே இருக்காது, மேகசினை மாற்றினால் சரியாகிவிடும். அதனால் "வெறும் பெட்டி, ஸ்பிரிங்" என்ற பேச்சு எனக்குக் கொஞ்சம் உறுத்தும். எந்திரத் துப்பாக்கியோ ரைஃபிளோ, அதில் மிகக் கஷ்டமான வேலையைச் செய்வது அந்தப் பெட்டிதான்.

முதலில் வளைவு. இரண்டு ரைஃபிளும் 7.62 என்றாலும் தோட்டா ஒன்றல்ல. 7.62 என்பது குண்டின் கணக்கு. அதைத் தாங்கும் பித்தளை அல்லது எஃகுக் கூட்டின் வடிவம் வேறு. சிக் 716 சுடுவது 7.62×51, நேட்டோ தோட்டா. ஏகே-203 சுடுவது 7.62×39, சோவியத் தோட்டா. நேட்டோ தோட்டாவின் கூடு அடியில் 11.94 மி.மீ., தோள்பட்டையில் (கூடு கழுத்தாக ஒடுங்கத் தொடங்கும் இடம்) 11.53 மி.மீ. கிட்டத்தட்ட நேரான குழாய். சோவியத் தோட்டா அடியில் 11.35, தோளில் 10.07. அதுவும் நேட்டோ கூட்டைவிடக் குட்டையான உடம்பில் இந்தக் குறுகல். கோணமாகக் கணக்குப் போட்டால் நேட்டோ தோட்டாவுக்கு அரை டிகிரிக்குச் சற்று மேலே, சோவியத் தோட்டாவுக்கு ஏறக்குறைய 2.4 டிகிரி.

ஒரு தோட்டாவைக் கையில் வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அடுக்கும்போதுதான் தெரியும். மேகசினில் தோட்டாக்கள் இடம் வலமாக மாறி மாறி இரண்டு வரிசையாக உட்காருகின்றன. ஏகேயின் 30 தோட்டாவில் ஒரு பக்கத்துக்கு 15. பதினைந்து தடவை 2.4 டிகிரி சேர்ந்தால் 36 டிகிரி. அதாவது மேலே உள்ள முதல் தோட்டாவும் அடியில் உள்ள கடைசித் தோட்டாவும் ஒரே திசையைப் பார்க்கவே முடியாது. நடுவில் 36 டிகிரி திரும்பியாக வேண்டும். நேட்டோ தோட்டாவில் 20 ரவுண்ட் மேகசினுக்கு ஒரு பக்கம் 10, மொத்தம் ஆறு டிகிரிதான். பெட்டிக்குள் இருக்கும் இடைவெளியே அதை விழுங்கிவிடும். அதனால் நேரான பெட்டி போதும்.

வளைவைக் கொடுப்பது தோட்டா. டிசைனருக்கு அதில் விருப்பம் வெறுப்பு கிடையாது. அவர் பிடிவாதமாக நேர்ப் பெட்டி செய்து சோவியத் தோட்டாவை அடைத்தால், பத்துப் பன்னிரண்டு தோட்டாவுக்குப் பிறகு மூக்குப் பக்கம் தொங்க ஆரம்பிக்கும், அடியில் தோட்டாக்களைத் தாங்கும் ஃபாலோவர் சாய்ந்து மாட்டிக்கொள்ளும்.

அப்படியானால் தோட்டாவை நேராகவே செய்துவிடலாமே என்று தோன்றும். குறுகல் ஒரு காரணத்துக்காகத்தான் இருக்கிறது. சுட்டவுடன் கூடு விரிந்து சேம்பரின், அதாவது தோட்டா உட்காரும் குழலறையின், சுவரில் ஒட்டிக்கொள்ளும். நேரான கூட்டை உருவும்போது முழு நீளமும் சுவரை உரசிக்கொண்டே வரும். குறுகலான கூடு ஒரு நூல் பின்னால் நகர்ந்ததுமே சுவரை விட்டு விலகிவிடும். ஏகே அழுக்கிலும் மட்டமான தோட்டாவிலும் வேலை செய்கிறது என்று எல்லோரும் புகழ்கிறார்களே, அதில் இந்தக் குறுகலுக்கும் பங்கு உண்டு. கூட்டை உருவுவதில் கிடைத்த சௌகரியத்துக்கு மேகசின் வளைந்து விலை கொடுக்கிறது.

இதைவிடத் தெளிவாக விளங்க வேண்டுமானால் பிரென் கன் என்ற இலகு எந்திரத் துப்பாக்கியைப் பாருங்கள். அதன் மூலம் செக்கோஸ்லோவாக்கியாவின் இசட்.பி. 26. அது ஜெர்மன் 7.92 மி.மீ. தோட்டாவைச் சுட்டது, மேலே செங்குத்தாக நேரான 20 ரவுண்ட் மேகசின். பிரிட்டிஷ்காரர்கள் 1930களில் அதைத் தங்கள் தோட்டாவுக்கு மாற்றினார்கள். அந்தத் தோட்டா நம் ஊர்ப் போலீஸ் புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரிந்த த்ரீ நாட் த்ரீ. மாற்றியதும் மேகசின் நன்றாக வளைந்துவிட்டது. பிரென் கன் என்றாலே நினைவுக்கு வரும் அந்த மேல்வளைவு அப்படி வந்ததுதான். பிறகு 1950களுக்குப் பின் நேட்டோ 7.62 தோட்டாவுக்கு அதே துப்பாக்கியை மாற்றியபோது மேகசின் மறுபடி கிட்டத்தட்ட நேராகிவிட்டது. பிரிட்டனில் அது எல்-4, நம்மிடம் கான்பூரில் செய்தது எம்.ஜி. 1பி. ஒரே துப்பாக்கி, மூன்று தோட்டா. தோட்டா மாறும்போதெல்லாம் மேகசின் மட்டும் நிமிர்ந்து, வளைந்து, மறுபடி நிமிர்ந்தது.

த்ரீ நாட் த்ரீயின் வளைவுக்குக் குறுகல் மட்டும் காரணமில்லை, விளிம்பும் காரணம். அதன் அடியில் கூட்டைவிட அகலமாக ஒரு வட்ட விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். கூடு அடியில் 11.7 மி.மீ., விளிம்பு 13.7. இது 1888 காலத்துத் தோட்டா. விளிம்பு அப்போது சாதாரணம். ஒற்றைத் தோட்டா துப்பாக்கிக்கு அது நல்ல ஏற்பாடும்கூட. தோட்டா எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை விளிம்பே நிறுத்திக் காட்டிவிடும், உருவும் கொக்கிக்கு நல்ல பிடியும் கிடைக்கும். மேகசினுக்குள் வந்ததும் அதுவே தலைவலி.

காரணம் இது. தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளும் பாகமான போல்ட், மேலே உள்ள தோட்டாவை முன்னால் தள்ளுகிறது. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருந்தால் தடையில்லாமல் போகும். பின்னால் இருந்தால், மேலே உள்ளது கீழே உள்ளதையும் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும், இரண்டும் கோத்துக்கொண்டு நிற்கும். கோத்துக்கொண்ட பிறகு பலம் காட்டிப் பயனில்லை. மேகசினைக் கழற்றிக் கொட்டி மறுபடி அடுக்க வேண்டியதுதான். அதனால் பிரென் மேகசினை நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவையும் முந்தையதன் விளிம்புக்கு முன்னால் வருமாறு வைத்துப் பழகுவார்கள். 30 கொள்ளும் பெட்டியில் 28தான் போடுவார்கள். சிப்பாய்க்குக் கொடுக்கும் ஐந்து தோட்டா சார்ஜர் கிளிப்பிலும் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகடு) விளிம்புகள் மேல், கீழ், மேல், கீழ், மேல் என்று மாறி மாறி உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கமாக வைத்து அழுத்தினாலும் சிக்காமல் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இஷாபூர் தொழிற்சாலை 1960களில், த்ரீ நாட் த்ரீ தோட்டாவைச் சுடும் லீ-என்ஃபீல்ட் ரைஃபிளை விளிம்பில்லாத நேட்டோ தோட்டாவுக்கு மாற்றி 2ஏ, 2ஏ1 என்று செய்தது. பழைய த்ரீ நாட் த்ரீயின் மேகசின் அடிப்பக்கம் சாய்வாக, முன்பக்கம் ஆழமாக இருக்கும். இஷாபூர் ரைஃபிளின் மேகசின் சதுரமான பெட்டி, கொள்ளளவு 10க்குப் பதில் 12. தூரத்தில் நின்று இரண்டையும் பிரித்தறிய நாங்கள் பார்த்த முதல் அடையாளமும் அதுதான்.

லீ-என்ஃபீல்டின் முன்னோடியான லீ-மெட்ஃபோர்டில் மேகசினைத் துப்பாக்கியோடு ஒரு சிறு சங்கிலியால் கட்டியே வைத்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கழற்ற முடியும், ஆனால் தொலைக்கக்கூடாது. துப்பாக்கிக்கு ஒரு மேகசின், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு தகடு வேறு: அதைத் தள்ளி மூடிவிட்டால் மேகசினில் உள்ளது அப்படியே இருப்பில் நிற்கும், சிப்பாய் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட வேண்டும். தோட்டாவை வீணடித்துவிடுவான் என்ற பயம். முதல் உலகப் போரின் நடுவில்தான் அந்தத் தகட்டைக் கைவிட்டார்கள். இந்தச் சங்கிலியை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. துப்பாக்கிக்கு ஒரு மேகசின் என்றிருந்தவரை அதைத் துப்பாக்கியோடு பொருத்தி, உரசிச் சரிசெய்து கொடுக்க முடிந்தது. எந்த மேகசினும் எந்த ரைஃபிளிலும் ஏற வேண்டும், ஒரு சிப்பாயிடம் ஆறேழு இருக்க வேண்டும், போர்க்களத்தில் தொலைந்தாலும் பரவாயில்லை என்று ஆனபோதுதான் இன்றுள்ள சிக்கல்கள் எல்லாம் வந்தன. மலிவாகவும் இருக்க வேண்டும், நூலளவு பிசகாமலும் இருக்க வேண்டும் என்றால் அது லேசான காரியமா?

வளைவுக்கும் விளிம்புக்கும் ஓர் உச்சகட்ட உதாரணம் பிரான்ஸின் ஷோஷா. முதல் உலகப் போரின் இலகு எந்திரத் துப்பாக்கி. 1886ஆம் ஆண்டின் 8 மி.மீ. லெபெல் தோட்டா, அகலமான விளிம்பு, படு குறுகல். 20 தோட்டாவுக்கே மேகசின் அரைவட்டமாகிவிட்டது. அதன் மேல் ஒரு புத்திசாலித்தனம் வேறு செய்தார்கள்: எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்ப்பதற்காகப் பக்கவாட்டில் திறந்து விட்டார்கள். பதுங்கு குழிச் சேறு அந்த வழியாகத்தான் உள்ளே போனது.

சரி, பெட்டிக்குள் போவோம். ஒரு மேகசினில் நான்கே பாகம்தான்: பெட்டி, ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் தோட்டாவைத் தாங்கும் ஃபாலோவர், அடித்தகடு. பெட்டியின் வாயில் இரண்டு பக்கமும் உள்நோக்கி மடித்திருக்கும் ஓரத்தை லிப் என்போம். என்னைக் கேட்டால் மேகசின் என்பதே அந்த லிப்தான். மற்றதெல்லாம் லிப்புக்குத் தோட்டாவைக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு.

லிப்புக்கு இரண்டு வேலை, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். ஸ்பிரிங் மேலே தள்ளும்போது தோட்டா வெளியே துள்ளாமல் பிடித்து நிறுத்த வேண்டும். போல்ட் தள்ளும்போது சரியான இடத்தில், சரியான கோணத்தில் விட்டுவிட வேண்டும். சீக்கிரம் விட்டால் மூக்கு மேலே எகிறி சேம்பர் வாயில் இடிக்கும். தாமதமாக விட்டால் மூக்கு கீழே குத்தும். இந்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள். இதை மெல்லிய தகட்டை மடித்துச் செய்து, சிப்பாய் கையில் கொடுத்து, அவன் அதைப் பாறையில் போட்டாலும் மாறக்கூடாது என்று எதிர்பார்க்கிறோம்.

போடுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காலி மேகசின் கீழே விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நிரம்பிய மேகசின் வாய் கீழாக விழுந்தால்தான் ஆபத்து. 7.62×39 தோட்டா ஒன்று 16, 17 கிராம் இருக்கும். முப்பது சேர்ந்தால் அரைக் கிலோ. பெட்டி தரையில் நின்றுவிடும், உள்ளே உள்ள அரைக் கிலோ நிற்காது. அது உள்ளிருந்து லிப்பை இடித்து விரிக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் மேகசின் கெட்டிருக்கும். அமெரிக்க எம்-16இன் அலுமினிய மேகசினில் இது நிறைய உண்டு. அதை முதலில் டிசைன் செய்தபோது ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறிகிற பொருளாகத்தான் நினைத்தார்கள். அதனால்தான் அலுமினியம், அதனால்தான் மெல்லிய தகடு. நடைமுறையில் எறியவில்லை, வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப நிரப்பினார்கள். ஏகேயின் எஃகு மேகசின் கனம்தான்; ஆனால் லிப் தடிமனாக, பலமாக இருக்கும். அதன் பெட்டியில் நெளிவு நெளிவாக மடிப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் வந்தது மடிப்பில்லாத தட்டையான பெட்டி, தடித்த தகடு. மடிப்புப் போட்டதும் தகட்டை மெலிதாக்க முடிந்தது, எடையும் குறைந்தது.

எம்-16 மேகசினின் வடிவம் தனிக் கதை. ரைஃபிளின் மேகசின் குழி 20 ரவுண்ட் நேர்ப் பெட்டிக்காக வெட்டப்பட்டது. 5.56 தோட்டாவின் குறுகல் ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. 20க்கு நேர்ப் பெட்டி போதும். பிறகு 30 வேண்டும் என்றார்கள். 30க்கு வளைவு வேண்டும், ஆனால் குழி நேர். எனவே குழிக்குள் போகும் பகுதி நேராகவும், வெளியே தெரியும் பகுதி வளைந்தும் இருக்கும்படி ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு பெட்டி செய்தார்கள். நேர்ப்பகுதியும் வளைபகுதியும் சேரும் இடத்தில் ஃபாலோவர் தலை சாய்க்கும். கறுப்பு ஃபாலோவர் போய்ப் பச்சை வந்தது, 2009இல் சாய்வதைத் தடுக்கக் கால்களை நீட்டிய மண்நிற ஃபாலோவர் வந்தது. அரை நூற்றாண்டாக ஒரு படை ஒரு பிளாஸ்டிக் துண்டைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறது. துப்பாக்கிக் குழி அன்றே வளைவுக்கு இடம் கொடுத்திருந்தால் இதில் பாதி வேலை மிச்சமாகியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது நேரக் கணக்கு. நிமிடத்துக்கு 600 சுடும் துப்பாக்கியில் ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒரு நொடி. அதற்குள் போல்ட் பின்னால் போய்த் திரும்பி வர வேண்டும். அது மேகசினைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சிறு இடைவெளியில் ஸ்பிரிங் முழு அடுக்கையும் ஒரு படி மேலே தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும். மேகசின் நிரம்பியிருக்கும்போது ஸ்பிரிங் முழுதாக அழுந்தி மிகப் பலமாக இருக்கும்; தூக்க வேண்டிய எடையும் அப்போதுதான் அதிகம். கடைசித் தோட்டா வரும்போது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், எடையும் குறைந்திருக்கும். இயற்கையாகவே ஓரளவு ஒத்துப்போகிறது. ஓரளவுதான். முதல் இரண்டு மூன்று தோட்டாவில் மேல் தோட்டா லிப்பில் அவ்வளவு இறுக்கமாக அழுந்தியிருக்கும்; அதை உருவ போல்ட்டுக்குச் சக்தி பற்றாமல் போகலாம். கடைசி இரண்டு மூன்றில் ஸ்பிரிங் தாமதித்து, போல்ட் தோட்டாவைத் தாண்டிக்கொண்டு போய்விடலாம். எந்த எண் தோட்டாவில் நிற்கிறது என்று சிப்பாய் சொன்னாலே போதும், ஆர்மரருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். தொடக்கத்தில் நின்றால் ஒரு காரணம், முடிவில் நின்றால் ஒரு காரணம், நடுவில் நின்றால் பெட்டி நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

30 கொள்ளும் மேகசினில் 28 போடும் வழக்கம் எம்-16க்கும் வந்தது இதனால்தான். போல்ட் மூடியிருக்கும்போது நிரம்பிய மேகசினை நேராகக் கீழிருந்து தள்ளி மாட்ட வேண்டும். மேல் தோட்டா போல்ட்டின் அடியில் இடித்து இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால்தான் மேகசினைப் பிடிக்கும் கொக்கி விழும். உள்ளே இறங்க இடமில்லையென்றால் மாட்டியது போலத் தோன்றும், முதல் ரவுண்டுக்குப் பிறகு கழன்று விழும். ஏகேயில் முன்பக்கக் கொக்கியை மாட்டிவிட்டுப் பின்பக்கம் ஆட்டி ஏற்றுவதால் நெம்புகோலின் பலம் கிடைக்கிறது, அந்தத் தொல்லை குறைவு. பதிலுக்கு மாற்றுவது சற்று மெதுவாகும்.

இரட்டை வரிசை என்று சொன்னேன் அல்லவா, அதிலும் இரண்டு வகை. ரைஃபிள் மேகசினில் வாய் வரை இரட்டை வரிசை. தோட்டா இடம், வலம், இடம், வலம் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் மாறி மாறி ஏறும். பிஸ்டலில் அப்படி விட முடியாது, துப்பாக்கி அகலமாகிவிடும். 1935இல் பெல்ஜியத்தில் வந்த ஹை-பவர் பிஸ்டலில் சைவ் என்ற டிசைனர் இரண்டு வரிசையாக அடுக்கி, வாயருகே ஒற்றை வரிசையாகச் சேர்த்து, 13 தோட்டா கொள்ளவைத்தார். அப்போது மற்றப் பெரிய பிஸ்டல்கள் ஏழெட்டுதான் கொண்டன. நம் படையின் 9 மி.மீ. 1ஏ பிஸ்டல் அதன் இஷாபூர் வடிவம்.

இரண்டு வரிசை ஒன்றாகச் சேரும் அந்த இடத்தில் தோட்டாக்கள் ஒன்றையொன்று நெருக்கி, பக்கச் சுவரில் ஆப்பு மாதிரி இறுகும். பிஸ்டலில் 13 சிறு தோட்டா என்பதால் தாங்கிக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போரின் ஸ்டென் கன்னில் 32 தோட்டாவை இப்படி ஒற்றை வாய்க்குக் கொண்டுவந்தார்கள். தூசியோ லிப்பில் சிறு நெளிவோ போதும், நின்றுவிடும். விரலால் நிரப்ப முடியாமல் தனியாக ஒரு நெம்புக் கருவியே கொடுத்தார்கள். அதற்குப் பின் வந்த ஸ்டெர்லிங்கில் ஜார்ஜ் பேச்சட் இதைத் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 34 ரவுண்ட், வளைந்த பெட்டி, வாய் வரை இரட்டை வரிசை. ஃபாலோவருக்குப் பதில் இரண்டு உருளைகள். தோட்டா உருளும் பொருள், அதைத் தாங்குவதும் உருளட்டுமே என்று யோசித்திருக்கிறார். நம் ஊரில் கான்பூரில் செய்த கார்பைன் 1ஏ அதுதான். வங்கிக்கோ மந்திரி வீட்டுக்கோ காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த மேகசினோடு வைத்திருப்பாரே, அதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மேகசினை விரலால் நிரப்பிப் பாருங்கள், ஸ்டென்னுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கட்டைவிரலுக்கே தெரியும்.

ஸ்பிரிங் தளருமா என்ற கேள்வி. நல்ல ஸ்பிரிங் எஃகை அதன் எல்லைக்குள் அழுத்திவைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. அதைத் தின்பது அழுத்துவதும் விடுவதுமான சுற்றுகள். "ஓய்வு கொடுக்க" வாரம் ஒருமுறை காலி செய்து நிரப்புகிறவர்கள் உண்டு, அவர்கள்தான் ஸ்பிரிங்கை வேலை வாங்குகிறார்கள். ஆனால் எல்லையைத் தாண்டி அழுத்தினால் கணக்கு வேறு. 30 இடத்தில் முட்டிமோதி 31ஐத் திணித்தால், சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து ஸ்பிரிங் நிரந்தரமாகக் குட்டையாகும்.

பிளாஸ்டிக் மேகசினில் பயப்பட வேண்டியது ஸ்பிரிங்கைப் பற்றி அல்ல, லிப்பைப் பற்றி. பிளாஸ்டிக் தொடர்ந்து ஒரே பாரத்தைத் தாங்கினால் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும், வெயிலில் இன்னும் வேகமாக. அமெரிக்காவின் மேக்புல் நிறுவனம் 2007இல் கொண்டுவந்த பிமேக் மேகசினுக்கு ஒரு மூடி கொடுத்தார்கள். தூசிக்கு மட்டும் அல்ல. அதைப் போட்டால் மேல் தோட்டா சற்று கீழே அழுந்தி லிப்பிலிருந்து விலகிவிடும். நிரப்பி அடுக்கிவைக்கும் காலத்தில் பாரம் மூடிமேல் போய்விடும். ஒரு சின்ன மூடிதான், ஆனால் இந்தத் துறையில் நான் மதிக்கும் துணைக்கருவிகளில் ஒன்று.

அந்த நிறுவனத்தின் பெயரே முதலில் அவர்கள் விற்ற ஒரு ரப்பர் வளையத்தால் வந்தது. மேகசினின் அடியில் மாட்டினால் பையிலிருந்து விரல் கொடுத்து இழுக்கலாம். அதற்கு முன் சிப்பாய்கள் கயிற்றாலும் டேப்பாலும் தாங்களே அப்படி ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். இரண்டு மேகசினைத் தலைகீழாகச் சேர்த்து டேப் சுற்றும் பழக்கமும் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். குப்புறப் படுத்துச் சுடும்போது கீழே பார்க்கும் மேகசினின் வாய் நேரே மண்ணில் பதியும். லிப் நெளியும், மணல் ஏறும். சுவிட்சர்லாந்தின் எஸ்.ஜி. 550 ரைஃபிளில் மேகசினின் பக்கத்திலேயே குமிழ் வைத்து, பக்கத்துப் பக்கமாக, இரண்டு வாயும் மேல்நோக்கி இருக்கும்படி பூட்டிக்கொள்ளச் செய்தார்கள். சினிமாவில் ஹீரோ மேகசினை ஹெல்மெட்டில் தட்டுவது மட்டும் முழுப் பொய் இல்லை. முதுகுப்பக்கத்தை உள்ளங்கையில் தட்டினால் முன்னால் நகர்ந்திருக்கும் தோட்டாக்கள் பின்னால் ஒட்டி வரிசைப்படும்.

அதிகம் கொள்ளும் வட்டமான டிரம் மேகசின்கள் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வரி. தாம்சன் துப்பாக்கிக்கு 50 ரவுண்ட் டிரம் இருந்தது. நடக்கும்போது கிலுகிலுக்கிறது, கனக்கிறது என்று பிரிட்டிஷ் படை பெட்டி மேகசினுக்கே போய்விட்டது. சோவியத் பிபிஎஸ்ஹெச்-41இன் 71 ரவுண்ட் டிரம்மைத் துப்பாக்கிக்குத் துப்பாக்கி பொருத்திப் பார்க்க வேண்டியிருந்ததால் 35 ரவுண்ட் வளைந்த பெட்டி வந்தது.

இன்சாஸுக்கு வருகிறேன். 1990களின் இறுதியில் படைக்கு வந்த 5.56 ரைஃபிள், இஷாபூரிலும் நம் திருச்சி தொழிற்சாலையிலும் செய்தார்கள். 20 ரவுண்ட், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் மேகசின். 1999இல் கார்கில் குளிரில் அது விரிசல்விட்டது என்பது பரவலாக வெளிவந்த செய்தி. உள்ளே தெரிகிற மேகசின் நல்ல யோசனைதான். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஏயூஜி 1970களிலேயே அதைச் செய்து காட்டியது. சிக்கல் பொருளில் இருக்கிறது. பிளாஸ்டிக்கைக் குளிரிலும் அடியிலும் பலப்படுத்த எளிய வழி கண்ணாடி இழை கலப்பது. இழை கலந்தால் உள்ளே தெரியாது. உள்ளே தெரிய வேண்டும் என்றால் இழையின் துணை இல்லாமல் பிளாஸ்டிக் தானே தாங்க வேண்டும். இப்படிப்பட்ட பிளாஸ்டிக்குகள் பல கூரான உள்மூலைக்கும் சிறு கீறலுக்கும் மிகவும் பயப்படும். சமவெளி வெப்பத்தில் வளைந்து கொடுத்த மூலை, பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே வளையாது, வெடிக்கும். அதோடு அச்சில் ஊற்றும்போது இரண்டு பக்கமிருந்து வரும் உருகிய பிளாஸ்டிக் சந்திக்கும் கோடு ஒன்று எப்போதும் இருக்கும். அது எந்த மேகசினிலும் பலவீனமான இடம், அச்சு வடிவமைப்பவர் அதை லிப் பக்கமோ கொக்கி பக்கமோ வராமல் தள்ளிவைக்க வேண்டும். எந்தப் பொருளையும் அது வேலை செய்யப்போகும் குளிரில், நிரப்பி, உயரத்திலிருந்து போட்டுப் பார்க்காமல் படைக்குக் கொடுக்கக்கூடாது. சிப்பாயின் கையில் விரிசல் தெரிவதற்கு முன்னால் அது சோதனைக்கூடத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

ஏகே வகையில் திருச்சியிலேயே செய்த டி.ஏ.ஆர். 7.62×39 ரைஃபிளின் மேகசினைப் பார்த்தால் மேலே சொன்ன 36 டிகிரி வளைவு அப்படியே இருக்கும். அமேதி அருகே கோர்வாவில் இப்போது செய்யும் ஏகே-203க்கும் அதே கதை. நாட்டை மாற்றலாம், தொழிற்சாலையை மாற்றலாம், தோட்டா அதுவாக இருக்கும்வரை வளைவை மாற்ற முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது பட்டறையில் செய்து பார்க்கலாமா என்று யோசித்தால்: 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். உரிமம் இல்லாமல் கைவைக்க வேண்டாம்.

உரிமத்துடன் விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கு: மேகசினுக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாக்கும், தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பிரைமருக்குள் கசிந்து அதையும் கெடுக்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். ஒவ்வொரு மேகசினிலும் பெயிண்டால் ஓர் எண் எழுதிவையுங்கள். சுடும்போது நின்றால் அந்த எண்ணையும் எத்தனையாவது தோட்டாவில் நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் லிப்பை இடுக்கியால் மடக்கிச் சரிசெய்ய முயலாதீர்கள்; மடக்கிய லிப் அதே இடத்தில் மறுபடி விரியும். அந்த மேகசினைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, புதிது ஒன்றைப் போட்டுச் சுட்டுப் பாருங்கள். துப்பாக்கியைப் பிரிப்பது அதற்குப் பிறகு போதும்.